சிவகாசித் தொழில்முனைவோர் பார்வையில் தொழிற்சூழல்: ஒரு வரலாற்று மறுவாசிப்பு

முன்னுரை

ஒரு நகரின் தொழிற்சூழல் குறித்து அந்நகரத்து ஆலை உரிமையாளர்கள் கூறுவன, அந்நகரின் வரலாற்றுக்கு ஒரு சான்றாகும். ஆயினும் அதுவே முழுச் சான்றாகாது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியாளர்கள் தம் நகரின் வளர்ச்சிக்கு வறண்ட வானிலை, உழைப்பு, உறவுமுறை ஒற்றுமை ஆகியவற்றைக் காரணங்களாகவும், அரசின் கட்டுப்பாடுகளைத் தடையாகவும் சுட்டுவது வழக்கம். இக்கருத்து வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இயற்கையும் உறவுமுறையும்

மழை குறைந்த கரிசல் நிலமும் வெயிலும் தீக்குச்சியையும் வெடிமருந்தையும் உலர்த்த உதவின. வேளாண்மை பொய்த்த ஆண்டுகளில் கூலியாட்கள் எளிதில் கிடைத்தனர். 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரத்தை எதிர்கொண்ட நாடார் வணிகச் சமூகத்திடம் மகமை என்னும் பொதுநிதி மரபு வேரூன்றியிருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் ஆலை தொடங்கினர். எனவே உரிமையாளர் கூற்றின் முற்பகுதி ஆதாரமற்றதன்று.

அரசின் பங்கு

ஆயினும் அதே வறட்சி தென்மாவட்டங்களின் வேறு பல ஊர்களிலும் நிலவியது. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிமீதான சுங்கவரி உயர்த்தப்பட்டமையும், 1928இல் அது பாதுகாப்பு வரியாக ஏற்கப்பட்டமையும் உள்நாட்டு ஆலைகளுக்கு இடமளித்தன. 1934இல் கலால் வரி வந்தது. விடுதலைக்குப் பின், கையால் செய்யும் சிறு ஆலைகளுக்குக் குறைந்த வரிவிகிதம் அளிக்கப்பட்டமை, இயந்திரமயமான பெருநிறுவனத்தின் போட்டியைத் தாங்க உதவியது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் கொணர்ந்த உரிம முறையின்கீழ்தான் பட்டாசு ஆலைகள் முறையான தொழிலாக உருப்பெற்றன. இன்று சுமையெனப்படும் விதிமுறையே அன்று தொழிலுக்கு அடித்தளமாயிற்று.

தடையெனக் கருதப்பட்டவை

குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என ஆணையிட்டது. 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் அந்நீதிமன்றம் தடை விதித்தது, ஆலைகள் மூடப்பட்டன. பேரியம் நைட்ரேட் பல பட்டாசு வகைகளின் முதன்மை மூலப்பொருள். மாற்றுச் சேர்மானத்தில் அமைந்த பசுமைப் பட்டாசுகளோ 2019 அக்டோபரில்தான் முறையாக அறிமுகமாயின. இந்த இடைவெளி குறித்த உரிமையாளர் முறையீடு நியாயமானதே. கூலியின்றி நின்ற தொழிலாளரையும் அது பாதித்தது.

எனினும் 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். தொழிற்சூழல் என்னும் சொல்லாட்சியில் வரி, உரிமம், சந்தை ஆகியன இடம்பெறும் அளவுக்கு மருந்தறையின் வெப்பமும் நெரிசலும் இடம்பெறுவதில்லை. தொழிலாளருக்கு இவையே முதன்மையான சூழல்.

முடிவுரை

வளர்ச்சியைத் தம் முயற்சிக்கும், நெருக்கடியை அரசுக்கும் உரியதாக்கும் பார்வை வரலாற்றின் ஒரு பாதியை மட்டுமே காட்டுகிறது. சிவகாசியின் தொழிற்சூழல் சமூக முயற்சியும் அரசுக் கொள்கையும் இணைந்து உருவாக்கியது. அதனை மதிப்பிடும் ஆய்வு உரிமையாளர் கருத்தோடு நின்றுவிடாமல், ஆலைக்குள் பணிபுரிவோரின் கூற்றையும் இணையான சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.