ஓவியத்தில் ஒரு நோயாளி



பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸில் சால்பெத்ரியேர் என்ற பழம்பெரும் மருத்துவமனை உள்ளது. முதலில் அது வெடிமருந்து செய்யும் இடமாக இருந்தது. 1656ஆம் ஆண்டில், பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், ஏழைகளை அடைத்து வைக்கும் விடுதியாக மாறியது. நாளடைவில் ஆதரவற்ற பெண்களும் மூதாட்டிகளும் மனநோயாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்ந்தனர். அம்மருத்துவமனையைக் காட்டும் இரண்டு ஓவியங்களைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம். வானொலியில் ஓவியத்தைக் காட்ட இயலாது. ஆகவே நேயர்கள் மனக்கண்ணால் காண வேண்டுகிறோம்.

முதல் ஓவியம் 1876இல் டோனி ரொபேர் ஃபிளரி தீட்டியது. 1795இல் அங்குப் பொறுப்பேற்ற பினெல் என்ற மருத்துவர், மனநோயாளிப் பெண்களின் சங்கிலிகளை அவிழ்க்கச் செய்யும் காட்சி அது. நோயாளியும் மனிதரே என்ற எண்ணத்தை அது போற்றுகிறது.

இரண்டாம் ஓவியத்தை அந்திரே புரூயே 1887இல் காட்சிக்கு வைத்தார். அதன் அகலம் நான்கு மீட்டருக்கும் அதிகம். ஓர் அறையில் ஏறக்குறைய முப்பது ஆடவர் கூடியிருக்கின்றனர். அவர்களுள் மருத்துவரும் உண்டு, எழுத்தாளரும் உண்டு. நடுவில் நின்று விரிவுரை ஆற்றுபவர் டாக்டர் ஷார்க்கோ. அவர் பக்கத்தில், மனோவசியத்தால் நினைவிழந்த ஒரு பெண், உதவி மருத்துவர் பாபின்ஸ்கியின் கையில் சாய்ந்து கிடக்கிறார். அவருடைய மேலாடை தோளினின்றும் நழுவியிருக்கிறது. அவருக்கு எதிர்ச் சுவரில், வில்போல் உடல் வளைந்த ஒரு பெண்ணின் சித்திரம் தொங்குகிறது. நோயாளி எவ்வாறு வளைய வேண்டும் என்பதை அவருக்கே காட்டும் மாதிரிப் படம் போல அது அமைந்துவிட்டது!

ஷார்க்கோ சாமானியர் அல்லர். நரம்பு மருத்துவத்தின் முன்னோடி அவர். 1882இல் அவருக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. ஹிஸ்டீரியா என்பது பாசாங்கு அன்று, நோயே என்று வாதாடியவரும் அவரே. ஆயினும், அவருடைய விரிவுரைகளில் நோயாளிகள் கண்காட்சிப் பொருள்களாயினர். அவர்களுடைய வலிப்புகள் புகைப்படமாக எடுக்கப்பட்டு நூல்களாக வெளிவந்தன.

ஓவியத்திலுள்ள பெண்ணின் பெயர் பிளான்ஷ் விட்மான். 1877இல் அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். 1893இல் ஷார்க்கோ மறைந்த பின்னர், அதே மருத்துவமனையின் புகைப்படக் கூடத்திலும், பிறகு எக்ஸ்ரே பிரிவிலும் வேலை பார்த்தார். அக்கதிரின் தீமை நன்கு அறியப்படாத காலம் அது. அதனால் உடல் பாதிக்கப்பட்டு, 1913இல் காலமானார். அன்று அவரைத் தாங்கி நின்ற பாபின்ஸ்கியோ, ஹிஸ்டீரியாவின் அறிகுறிகள் பிறர் தூண்டுதலாலேயே தோன்றக்கூடியவை என்று 1901இல் எழுதினார். ஆசிரியரின் கருத்தை மாணவரே மாற்றி எழுதினார்!

புரூயே மருத்துவரைக் குறைகூற இதனைத் தீட்டவில்லை, பெருமைப்படுத்தவே தீட்டினார். அந்த அறையில் எவருக்கும் அது தவறாகப் படவில்லை என்பதற்கு அவ்வோவியமே சான்று. முதல் ஓவியத்தில் இரும்புச் சங்கிலி கழன்றது. இரண்டாம் ஓவியத்தில் சங்கிலி இல்லை. ஆனால், 'உனக்கு என்ன செய்கிறது, அம்மா?' என்று கேட்பாரும் இல்லை.

இது மருத்துவருக்கு மட்டும் உரிய பாடம் அன்று. வகுப்பறையில் தவறிழைத்த பிள்ளையை எழுப்பி நிறுத்தி, நாற்பது பேர் முன்னிலையில் அவனையே பாடமாக்கும் வழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடமும் இருந்ததுண்டு. நோக்கம் நல்லதே. ஆனால், நிற்கும் பிள்ளையின் முகத்தை நாம் பார்த்தோமா?

அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, 'ஏழாம் நம்பர் கட்டில்' என்று எவரேனும் சொல்லக் கேட்டால், அக்கட்டிலில் படுத்திருப்பவரின் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி அழைப்போம்.