அமெரிக்கக் கூட்டாட்சி அரசிடம் உளவியல் இடம் கேட்ட வரலாறு

அமெரிக்காவில் உளவியல் ஆய்வுகளுக்குப் பணம் தருவதில் கூட்டாட்சி அரசுக்குப் பெரும் பங்கு உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் சமூக, நடத்தை அறிவியல்களுக்கென ஓர் இயக்ககமும், தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் அதற்கென ஓர் அலுவலகமும் ஏற்பட்டன. இவை தாமாக வந்தவை அல்ல. இயற்பியலும் வேதியியலும் நேராக உள்ளே அழைக்கப்பட்டன. உளவியல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் திண்ணையில் காத்திருந்தது. அந்தத் தாமதத்துக்கு எதிர்த்தவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. உளவியலாளர்கள் வாய் திறக்காமல் இருந்ததும் ஒரு காரணம்.

போர்க்காலமும் 1950ஆம் ஆண்டுச் சட்டமும்

போர் என்று வந்துவிட்டால் அரசு யாரையும் அழைக்கும். முதல் உலகப் போரில் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தினார்கள். அந்த மதிப்பெண்களை வைத்து இன ஏற்றத்தாழ்வை நிரூபிக்கப் பார்த்தவர்களும் உண்டு. கார்ல் பிரிகம் 1923இல் அப்படியொரு நூல் எழுதி, 1930இல் தம் முடிவுகளைத் தாமே மறுத்தார். உளவியலைச் சந்தேகித்தவர்கள் எல்லாரும் அறியாமையால் சந்தேகித்தார்கள் என்று சொல்ல முடியாமல் செய்வது இந்தத் தொடக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பி. எஃப். ஸ்கின்னர், குண்டுகளை இலக்குக்கு வழிநடத்தப் புறாக்களைப் பழக்கினார். அதற்கும் அரசுப் பணம் கிடைத்தது. 1944இல் திட்டம் கைவிடப்பட்டது. பி.எட். படித்த நாங்கள் எல்லாரும் ஸ்கின்னர், தார்ன்டைக் பெயர்களை எழுதித்தான் தேர்வில் தேறினோம். அந்த ஆய்வுகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று ஆசிரியர் யாரும் சொன்னதில்லை; நாங்களும் கேட்டதில்லை.

போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், வனேவர் புஷ் தம் புகழ்பெற்ற அறிக்கையை அதிபர் ட்ரூமனிடம் கொடுத்தார். அமைதிக் காலத்திலும் அரசு அறிவியலுக்குப் பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதன் அக்கறை இயற்கை அறிவியல், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றோடு நின்றது. மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஹார்லி கில்கோர் சமூக அறிவியல்களையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். 1946இல் செனட் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. சமூக அறிவியல் என்பது அறிவியல் வேடம் போட்ட அரசியல், நாளைக்கு இனப் பிரச்சினையிலும் தலையிடும் என்ற அச்சம் பலருக்கு இருந்தது. இவர்களைச் சேர்த்தால் மொத்த மசோதாவும் கவிழ்ந்துவிடுமோ என்று இயற்கை அறிவியலாளர்களில் சிலரும் தயங்கினர்.

1950 மே 10 அன்று ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தில் கணிதம், இயற்பியல், மருத்துவம், உயிரியல், பொறியியல் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. கடைசியில் 'பிற அறிவியல்கள்' என்று ஒரு சொல். உளவியல் நுழைந்தது அந்தச் சொல்லின் இடுக்கு வழியாகத்தான். உயிரியலுக்குப் பக்கத்தில் 'உளவுயிரியல்' என்ற பெயரில் ஒதுங்கி நின்று பணம் பெற்றது. இன்னொரு வழி நோய். 1946ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி 1949இல் தேசிய மனநல நிறுவனம் அமைந்தபின், மனநோய் ஆய்வு என்ற பெயரில் தாராளமாகவே பணம் வந்தது. ஆக, மனிதன் நோயாளியாக இருந்தால் ஆராயலாம். நலமாக இருக்கும் மனிதன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று கேட்பதற்குத்தான் வழியில்லை. சட்டத்தில் சமூக அறிவியல்களின் பெயர் வெளிப்படையாக ஏற 1968 வரை ஆயிற்று.

இடையில் 1954இல், பள்ளிகளில் நிறவேற்றுமை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தது. கருப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி ஆராய்ந்த கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியரின் பணி அவ்வழக்கில் எடுத்துவைக்கப்பட்டது. தீர்ப்பின் 11ஆவது அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் பெயர் இடம்பெற்றது. உளவியலாளர்களுக்கு அது பெருமை. 1946இல் அஞ்சியவர்களுக்கோ, அஞ்சியது நடந்துவிட்டது.

தங்கக் கம்பளி

1975 மார்ச்சில் விஸ்கான்சின் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மைர் மாதம் ஒரு 'விருது' அறிவிக்கத் தொடங்கினார். அரசுப் பணத்தை வீணடிப்பவர்களுக்கான விருது. பெயர் 'தங்கக் கம்பளி'. ஆங்கிலத்தில் ஆட்டுக் கம்பளியைக் குறிக்கும் சொல்லுக்கே ஒருவரை மொட்டையடிப்பது என்ற பொருளும் உண்டு. நம் பேச்சு வழக்கிலும் அதே பொருள் இருப்பதால் விளக்கம் தேவையில்லை.

முதல் விருது, காதலைப் பற்றிய ஆய்வுக்கு 84,000 டாலர் வழங்கிய தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு. ஆய்வாளர்கள் இருவரும் பெண்கள்: எலன் பெர்ஷீட், எலைன் ஹாட்ஃபீல்ட். மனிதர் ஏன் காதல் வயப்படுகிறார்கள் என்பதை எந்த அறிவியலும் சொல்லிவிட முடியாது, சொன்னாலும் அந்த விடை தமக்கு வேண்டாம் என்பது பிராக்ஸ்மைரின் வாதம். நாடே சிரித்தது. ஆய்வாளர்களுக்கு வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அதே 1975ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் மணமுறிவுகள் முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டின. காதல் எப்படித் தோன்றி எப்படி மறைகிறது என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆண்டு இருந்திருக்காது. இந்த வாதத்தை உரக்கச் சொல்ல உளவியல் உலகிலிருந்து போதிய ஆட்கள் வரவில்லை. நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் ஆய்வுக்கு ஆதரவாக எழுதினார். பரிந்து பேச ஒரு பத்திரிகையாளர் முன்வர வேண்டியிருந்தது.

பிராக்ஸ்மைர் கெட்ட மனிதர் அல்லர். வரிப்பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது செனட்டரின் கடமை. ஆய்வின் தலைப்பைப் படித்ததும் சிரிப்பு வந்தால் அது வீண் செலவு என்று அளந்ததுதான் அவர் செய்த பிழை.

அடுத்த மாதமே ரொனால்ட் ஹட்சின்சன் மாட்டிக்கொண்டார். குரங்குகள் கோபத்தில் தாடையை இறுக்குவதை அளந்து, ஆவேசத்தின் இயல்பை ஆராய்ந்தவர் அவர். விண்வெளிக் கலத்திலும் கடலடியிலும் குறுகிய இடத்தில் அடைபட்டிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அறிய விரும்பிய நாசாவும் கடற்படையும் அவருக்குப் பணம் தந்திருந்தன. இந்த மனிதர் சிரித்துவிட்டுப் போகவில்லை. அவதூறு வழக்குத் தொடுத்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் நின்றது. அவையில் பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. செய்திக்குறிப்புகளுக்கும் வாக்காளர்களுக்கு அனுப்பும் மடல்களுக்கும் அது கிடையாது என்றது. வழக்குச் சமரசத்தில் முடிந்தது. பிராக்ஸ்மைர் 10,000 டாலர் கொடுத்து, அவையிலேயே விளக்கமும் அளித்தார். விருது மட்டும் 1988 வரை தொடர்ந்தது.

கதவைத் தட்டியவர்கள்

உண்மையான அதிர்ச்சி 1981இல் வந்தது. ரீகன் அரசு சமூக, நடத்தை அறிவியல் நிதியைக் கடுமையாக வெட்ட முனைந்தது. இப்போதுதான் அறிஞர்கள் விழித்துக்கொண்டார்கள். சமூக அறிவியல் சங்கங்களின் கூட்டமைப்பு அவ்வாண்டே வாஷிங்டனில் செயல்படத் தொடங்கியது. நடத்தை, உளவியல், அறிதிறன் அறிவியல்களுக்கான கூட்டமைப்பு அதற்குச் சற்று முன்பே உருவாகியிருந்தது. பேராசிரியர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகப் படியேறி, தங்கள் ஆய்வு எதற்குப் பயன்படும் என்று சாதாரண மொழியில் சொல்லப் பழகினார்கள். வெட்டப்பட்டதில் ஒரு பகுதி திரும்பி வந்தது. படியேறக் கற்றுக்கொண்டதுதான் பெரிய ஆதாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1988இல் அமெரிக்க உளவியல் சங்கத்திலிருந்து ஆய்வாளர்கள் பலர் பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். பழைய சங்கம் சிகிச்சை அளிப்பவர்களின் தொழில் நலனையே பெரிதும் பேசுகிறது என்பது அவர்கள் குறை. புதிய சங்கத்தின் செயல் இயக்குநர் ஆலன் கிராட், அறிவியலுக்காகவே வாதாடுவதைத் தம் முழுநேர வேலையாக்கிக்கொண்டார். அறக்கட்டளையில் உயிரியலோடு ஒட்டுக்குடித்தனம் போதும், தனி இயக்ககம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் அதற்குக் குரல் கொடுத்தார். 1991இல் இயக்குநர் வால்ட்டர் மாஸி அதை ஏற்று அறிவித்தார்.

நலவாழ்வுத் துறையில் வாதம் எளிதாக இருந்தது. 1990ஆம் ஆண்டு அமெரிக்க மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையிலை, உணவு, மது போன்றவையே அடிப்படைக் காரணம் என்று மெக்கின்னிஸ், ஃபோகி ஆகிய மருத்துவர்கள் 1993இல் கணக்கிட்டுக் காட்டினர். புகையிலை மட்டும் நான்கு லட்சம் பேர். புகைப்பதன் கேடு தெரிந்தும் ஒருவர் ஏன் விடுவதில்லை என்பது நுண்ணோக்கியில் தெரியாது. அதே 1993ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் நடத்தை, சமூக அறிவியல் ஆய்வு அலுவலகத்தை ஏற்படுத்தியது. 1995இல் அது திறக்கப்பட்டபோது உளவியலாளர் நார்மன் ஆண்டர்சன் முதல் இயக்குநரானார்.

இடம் கிடைத்த பிறகு

இடம் கிடைத்ததும் பாதுகாப்பு வந்துவிடவில்லை. 2003இல் பாலியல் நடத்தை பற்றிய சில ஆய்வு மானியங்களை ரத்துசெய்யும் திருத்தம் பிரதிநிதிகள் அவையில் 212க்கு 210 என்ற கணக்கில், இரண்டே வாக்குகளில், தோற்றது.

அரசோடு நெருங்கியதற்கு விலையும் இருந்தது. 2015 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை, கைதிகளைக் கடுமையாக விசாரிப்பதில் உளவியலாளர்கள் பங்கேற்கத் தடை வராதபடி, அமெரிக்க உளவியல் சங்க நிர்வாகிகள் சிலர் பாதுகாப்புத் துறையோடு ஒத்துழைத்து நெறிமுறைகளைத் தளர்வாக வைத்திருந்தார்கள் என்றது. ஆகஸ்டில் சங்கத்தின் பேரவை அத்தகைய விசாரணைகளில் பங்கேற்பதை 157க்கு 1 என்ற வாக்குகளில் தடைசெய்தது.

அடுத்த மாதம், செப்டம்பர் 15 அன்று, அரசுத் திட்டங்களை வகுப்பதில் நடத்தை அறிவியலைப் பயன்படுத்தும்படி ஒபாமா நிர்வாக ஆணை பிறப்பித்தார். படிவத்தை எளிதாக்குவது, நினைவூட்டல் கடிதத்தின் சொற்களை மாற்றிப் பார்ப்பது போன்ற சிறு வேலைகளை வெள்ளை மாளிகைக் குழு ஒன்று முந்தைய ஆண்டிலிருந்தே செய்துவந்தது. 2017இல் ஆட்சி மாறியபின் அந்தக் குழு தொடரவில்லை. அதே வகை வேலை பொதுச் சேவை நிர்வாகத்தின் ஓர் அலுவலகத்தில் நடந்துவந்தது. அதன் பெயர் மதிப்பீட்டு அறிவியல் அலுவலகம். பெயர்ப்பலகையில் உளவியல் என்ற சொல் இல்லை.