மாற்று வாங்கிலிருந்து எழுந்தவர்

கோடை விடுமுறையில் பயிற்றுநர்கள் மாறுவதும் வீரர்கள் கைமாறுவதும் ஜேர்மன் உதைபந்தாட்டக் கழகங்களில் வழமையானவையே. எனினும் 1973 கோடையில் குந்தர் நெற்சர் பெற்ற பிரியாவிடை வழமையானதன்று.

பொருசியா மொன்சன்கிளாட்பாக் கழகத்தின் நட்சத்திரமான அவர், ஸ்பெயினின் றியல் மட்ரிட்டுக்குச் செல்லவிருக்கும் செய்தி அப்போது வெளியாகியிருந்தது. ஜூன் 23ஆம் திகதி டுசெல்டோர்ஃபில் ஜேர்மன் கிண்ண இறுதியாட்டம், எதிரணி கொலோன். பயிற்றுநர் ஹென்னெஸ் வைஸ்வைலர், நெற்சரை மாற்று வீரர்களின் வாங்கில் அமர்த்தினார். இடைவேளையின்போது களமிறங்குமாறு அழைத்தபோதோ நெற்சர் மறுத்துவிட்டார். ஆட்டம் 1-1 எனச் சமநிலையானது. மேலதிக நேரத்துக்கு முன்னர், களைத்துப்போயிருந்த சக வீரர் கிறிஸ்ரியான் குலிக்குடன் பேசிய நெற்சர், தாமே களமிறங்குவதாகப் பயிற்றுநரிடம் அறிவித்துவிட்டு மைதானத்துள் நுழைந்தார். சில நிமிடங்களில் அவருடைய இடது காலிலிருந்து புறப்பட்ட பந்து வலையைத் தொட்டது. கிண்ணம் கிளாட்பாக்குக்கு!

அன்று வைஸ்வைலரை நகையாடாதவர்கள் குறைவு. எனக்கோ அவரது கணிப்பு அடியோடு பிழைத்ததாகத் தோன்றவில்லை. நெற்சர் இல்லாத அணியைக் கொண்டே 1975இல் ஜேர்மன் சம்பியன் பட்டத்தையும் யூஏபா கிண்ணத்தையும் அவர் வென்றார்.

அந்தக் கோடையில் அவரும் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார், பார்சிலோனாவின் பயிற்றுநராக. (கிளாட்பாக்கில் அவரது இடத்துக்கு வந்தவர், அவ்வாண்டுத் தொடக்கத்தில் பயேர்ன் மியூனிக் பதவி நீக்கிய ஊடோ லட்டெக்.) அங்கும் யொஹான் குரைவ் என்ற நட்சத்திரத்துடன் முரண்பட்டு, பருவகாலம் முடியுமுன்னரே விலகினார். 1976இல் ஸ்பெயினின் சம்பியன் பட்டத்தை வென்றது நெற்சர் விளையாடிய றியல் மட்ரிட்.