வசையும் மிரட்டலும்: இந்தியச் சட்டச் சொல்லாட்சியின் வரலாறு (1860-2024)

0. முன்னுரை

சொல்லால் பிறரைப் புண்படுத்துவோரை அரசு தண்டிக்கலாமா என்னும் வினா சமூக ஊடகங்களால் புதிதாக எழுந்ததன்று. கடிதம், தொலைபேசி, கணினி என ஊடகம் மாறியபோதெல்லாம் அவ்வினா மீண்டும் எழுந்துள்ளது. சட்டங்கள் வசையையும் மிரட்டலையும் எச்சொற்களால் வரையறுத்தன என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. பேசுவோரின் செயலையும் நோக்கத்தையும் வரையறுத்த சட்டப் பிரிவுகள் நிலைபெற்றன. கேட்போரின் மனக்கசப்பை அளவுகோலாகக் கொண்டவை நிலைபெறவில்லை என்பது இதன் கருத்தாகும்.

1. தண்டனைச் சட்டத்தின் வரையறை

மெக்காலே தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் 1837இல் அளித்த வரைவின் அடிப்படையில் உருவான இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 503ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டலை வரையறுத்தது. ஒருவரின் உடலுக்கோ பெயருக்கோ உடைமைக்கோ தீங்கு விளைவிப்பதாக அச்சுறுத்த வேண்டும். அச்சத்தை உண்டாக்கும் அல்லது அவரைத் தம் விருப்பப்படி செயற்படுத்தும் நோக்கமும் இருக்க வேண்டும். பெயரை மறைத்து மிரட்டுவோருக்கு 507ஆம் பிரிவு கூடுதல் தண்டனை விதித்தது. கையொப்பமில்லாக் கடிதங்களுக்கு எழுதப்பட்ட இவ்விதி, இன்றைய போலிக் கணக்குகளுக்கும் பொருந்துவது குறிப்பிடத்தக்கது.

வசையைப் பொறுத்தவரை இச்சட்டம் மேலும் எச்சரிக்கையுடன் நடந்துகொண்டது. 504ஆம் பிரிவின்படி இகழ்ச்சி மட்டும் குற்றமாகாது. அது பொது அமைதியைக் குலைக்கத் தூண்டும் என்னும் நோக்கமோ அறிவோ இகழ்ந்தவருக்கு இருக்க வேண்டும். 294(பி) பிரிவில் 'பிறருக்கு எரிச்சல்' என்னும் தொடர் இடம்பெற்றாலும், ஆபாசம், பொது இடம் ஆகிய வரம்புகளும் உடன் விதிக்கப்பட்டன. வசைச்சொல் என்பதனாலேயே ஒரு சொல் ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் இப்பிரிவுக்கு விளக்கம் அளித்தது.

2. பண்பு குறித்த சொற்களின் வரவு

1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், 'மிகவும் புண்படுத்தும்' தன்மையுடைய சொற்களை மேலே தாங்கிய அஞ்சல்களை அனுப்புவதற்குத் தடை விதித்தது. 1935இல் இங்கிலாந்தின் அஞ்சலகத் திருத்தச் சட்டம், அத்தொடரைத் தொலைபேசிச் செய்திகளுக்குப் பயன்படுத்தியது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவுக்கு இந்த 1935ஆம் ஆண்டுச் சட்டமே மூலம் என்று உச்ச நீதிமன்றம் பின்னர்ச் சுட்டிக்காட்டியது.

2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 66ஏ, மிகவும் புண்படுத்தும் செய்திகளையும், எரிச்சலோ இடைஞ்சலோ உண்டாக்கும் நோக்குடன் அனுப்பப்படும் செய்திகளையும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியனவாக்கியது. 'எரிச்சல்', 'இடைஞ்சல்' ஆகியவற்றிற்கு வரையறை தரப்படவில்லை. 2012 நவம்பரில் மகாராட்டிர மாநிலம் பால்கரில், அரசியல் தலைவர் ஒருவர் மறைந்ததையொட்டி நிகழ்ந்த கடையடைப்பைக் குறைகூறி எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த மற்றொரு பெண்ணும் கைது செய்யப்பட்டனர். அப்பதிவில் மிரட்டல் ஏதுமில்லை. 2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில், 66ஏ அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் முழுவதுமாக நீக்கியது. ஒருவருக்குப் புண்படுத்துவதாகத் தோன்றுவது மற்றொருவருக்கு அவ்வாறு தோன்றாது என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்றாகும்.

3. மொழியியல் நோக்கு

சொல்லுதலே செயலாதலும் உண்டு என்பது ஆஸ்டினின் கொள்கை. மிரட்டல் அத்தகைய செயலாகும். அதனை அறியச் சொற்பொருள் மட்டும் போதாது. 'உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்' என்னும் தொடர் நோயாளியிடம் கூறப்படும்போது ஆதரவாகும். பகைவனிடம் கூறப்படும்போது மிரட்டலாகும். அதில் வசைச்சொல் ஒன்றேனும் இல்லை. மாறாக, நண்பர்கள் தம்முள் பேசும் ஏச்சில் வசைச்சொற்கள் நிறைந்திருந்தும் தீங்கு இல்லாதிருக்கலாம். எனவே யார், யாரிடம், எச்சூழலில், எந்நோக்குடன் கூறினார் என்னும் வினாக்களே குற்றத்தைத் தெளிவுபடுத்தும். சொற்களின் கடுமையை மட்டும் அளக்கும் சட்டம் முன்னதைத் தப்பவிட்டுப் பின்னதைப் பிடிக்கும்.

4. 2015க்குப் பின்

66ஏ நீங்கிய பின்னரும் அதன்கீழ் வழக்குகள் தொடர்ந்தமையால், அவ்வாறு எவர்மீதும் வழக்குத் தொடரலாகாது என 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 நவம்பரில் கேரள அரசு, இழிவுபடுத்தும் செய்திகளைக் குற்றமாக்கும் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, கடும் எதிர்ப்பினால் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. 1860ஆம் ஆண்டின் மிரட்டல் வரையறையோ அழியவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு அதனை ஏற்று, 'எவ்வழியிலேனும்' என்னும் பொருள்படும் தொடரை மட்டும் சேர்த்தது. கொலை மிரட்டலுக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை தொடர்கிறது.

5. முடிவுரை

இணையத்தில் உயிருக்கு அஞ்சும்படி மிரட்டப்படுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு இன்றியமையாதது. அதற்கு வரையறுத்த சொற்கள் 1860 முதலே உள்ளன. 'எரிச்சல்' போன்ற வரம்பற்ற சொற்கள் அவருக்குப் புதிய பாதுகாப்பு எதனையும் அளிக்கவில்லை; குறைகூறுவோரைச் சிறைக்கு அனுப்பவே வழிசெய்தன. மிரட்டலைத் தண்டிப்பதும், தூண்டுதலற்ற வெறும் வசையைத் தண்டனைச் சட்டத்திற்கு வெளியே நிறுத்துவதும் இவ்வரலாறு காட்டும் நெறி எனலாம்.