அரசிளங்குமரரின் பலகையில் ஒரு வேர்ச்சொல்: திருவனந்தபுரம், 1825

1825 மே மாதத்தில் திருவனந்தபுரம் அரண்மனைக்குச் சென்ற கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், அங்குக் கண்ட ஒரு காட்சியைத் தமது படைத்துறை நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். அந்நூல் 1830இல் லண்டனில் வெளிவந்தது. அவர் கண்டது பாடம் படிக்கும் ஒரு சிறுவரை. 1813 ஏப்ரலில் பிறந்த சுவாதித் திருநாள் ராமவர்மா அப்போது பதின்மூன்றாம் வயதில் இருந்தார். ஆட்சிப் பொறுப்பு சிற்றன்னை கௌரி பார்வதி பாயிடம் இருந்தது. ஆங்கிலம் கற்பித்தவர் தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியரான சுப்பாராவ். ‘இங்கிலீஷ் சுப்பாராவ்’ என்றே திருவிதாங்கூர் வரலாறு அவரை அறியும்.

மால்கமின் மத்திய இந்தியா பற்றிய நூலில் ஓர் இயலைச் சிறுவர் ஆங்கிலத்தில் படித்துக் காட்டினார். பாரசீகமும் வடமொழியும் வாசித்தார். பின்னர் யூக்ளிடின் 47ஆம் தேற்றத்தை, அதாவது நாம் பிதாகரஸ் தேற்றம் என்று படிப்பதை, நாட்டுப் பலகையில் வரைந்தார். வெல்ஷை மிகவும் வியக்க வைத்தது அதற்குப் பின் வந்த விளக்கம். ஜியாமெட்ரி என்ற ஆங்கிலச் சொல் வடமொழியிலிருந்து வந்தது, நிலத்தை அளத்தல் என்பதே அதன் பொருள் என்றார் சிறுவர். ஹெக்சகன், ஹெப்டகன், ஆக்டகன், டெககன், டியோடெகன் முதலிய சொற்களின் பிறப்பிடமும் அதுவே என்றார்.

இசையறிஞராகவே பெரிதும் நினைவுகூரப்படும் ஓர் அரசரின் இளமைக்கால மேதைமைக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அந்தச் சொல்லாராய்ச்சி சரியா என்ற கேள்வியை எழுப்புவோர் குறைவு. எழுப்பினால் விடை புகழ்ச்சியைவிடச் சுவையானது.

ஜியாமெட்ரி கிரேக்கச் சொல். ‘கே’ என்பது நிலம். ‘மெத்ரோன்’ என்பது அளவு. பின்பாதியில் சிறுவர் தவறவில்லை: மெத்ரோனும் வடமொழியின் மிதி, மாத்திரை ஆகியவையும் ஒரே வேரின் கிளைகள். முன்பாதியில்தான் சிக்கல். ‘ஜ்யா’ என்பதற்கு நிலம் என்ற பொருளும் நிகண்டுகளில் உண்டு. ஆயினும் ‘கே’யுடன் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. மேலும், பழைய வடமொழி நூல்களில் இத்துறையின் பெயர் க்ஷேத்திர கணிதம். 18ஆம் நூற்றாண்டில் ஜகந்நாதர் அரபு வழியாக யூக்ளிடை வடமொழிக்குக் கொண்டுவந்தபோதும் ரேகாகணிதம் என்றே பெயரிட்டார். கிரேக்கச் சொல்லின் ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துமாறு அமைந்த சொல் ஜ்யாமிதி. அப்பொருத்தமே அதைப் பழஞ்சொல் போலத் தோன்றச் செய்கிறது.

எண்ணுப்பெயர்களில் நிலை வேறு. ஹெக்ஸ், ஹெப்தா, ஒக்தோ, தெக்கா என்ற கிரேக்க எண்களும் ஷட், சப்த, அஷ்ட, தச என்பனவும் உண்மையிலேயே உறவுச் சொற்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் சகரம் கிரேக்கத்தில் ஹகரமாக மெலிந்தது. லத்தீன் அதைக் காத்துக்கொண்டது: செக்ஸ், செப்தெம், ஒக்தோ, தெக்கெம். செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் ஆகிய மாதப் பெயர்களில் நிற்பவை இவையே. பஞ்சாங்கத்தில் சப்தமி, அஷ்டமி, தசமி பார்க்கும் வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு இந்த லத்தீன் வேர்கள் அயலானவை அல்ல. வெல்ஷ் எழுதிய டியோடெகன் என்ற வடிவில் லத்தீனின் ‘துவோதெக்கிம்’ ஒலிப்பதையும் கவனிக்கலாம். கிரேக்க முறைப்படி அது டோடெகன்.

ஆக, சிறுவர் கண்டது உறவு, சொன்னது பிறப்பு. உடன்பிறந்தாரைத் தாயும் மகளுமாகக் கொண்டதே பிழை. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், வடமொழி, கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்றும் இன்று வழக்கிழந்திருக்கக்கூடிய ஒரு பொதுமூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று உரைத்திருந்தார். அந்தக் கருத்து 1825இல் திருவனந்தபுரத்துப் பாட அறைக்கு எட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆளவந்தவரின் மொழியை நம் மொழியின் குழந்தையாகக் காட்டுவதில் ஓர் ஆறுதல் இருந்திருக்க வேண்டும். அந்த ஆறுதலைத் தேடும் பழக்கம் வடமொழியோடு நிற்கவில்லை. எட்டும் எய்ட்டும் ஒன்றே என்று மகிழ்வோர் தமிழிலும் உண்டு. எண்பது, எண்திசை ஆகிய சொற்களில் வெளிப்படும் ‘எண்’ணே எட்டின் அடி, ஆங்கில எய்ட்டோ அஷ்டத்தின் இனம். இரண்டின் ஒலியொப்புமை தற்செயல்.

வேர்வழிச் சொல் கற்பித்தலில் பிழையும் பயனும் இப்படி அருகருகே இருக்கின்றன. பாதத்தை அறிந்தவருக்குப் பெடஸ்டிரியனும், தந்தத்தை அறிந்தவருக்கு டென்டிஸ்டும், அக்கினியை அறிந்தவருக்கு இக்னிஷனும், தானத்தை அறிந்தவருக்கு டொனேஷனும், யோகத்தை அறிந்தவருக்கு ஜங்ஷனும் பாதி தெரிந்த சொற்கள். நாவலுக்கு ஒருகாலத்தில் தமிழில் வழங்கிய நவீனம் என்ற பெயரும் லத்தீனின் ‘நோவுஸ்’ என்பதற்கு உறவே. இவை நினைவுக்கு உதவுவதோடு வரலாற்றளவிலும் நிற்பவை. ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பினால் எட்டும் எய்ட்டும் இதே பட்டியலில் நுழைந்துவிடும். ஒலி மாற்றத்தின் ஒழுங்கைக் கேட்டால்தான் அவை வெளியேறும்.

ஜ்யாவின் கதை இன்னும் முடியவில்லை. அதன் முதன்மைப் பொருள் வில்லின் நாண். ஆரியபடர் முதல் சங்கமகிராம மாதவன் வழிவந்த கேரளக் கணிதர் வரை, வட்டத்தின் அரைநாணுக்கு வழங்கிய கலைச்சொல் அதுவே. ஜீவா என்பது அதன் மாற்றுப்பெயர். அரபு அறிஞர் அதை ஜீபா என ஒலிபெயர்த்தனர். உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட அச்சொல்லை, மடிப்பு, மார்பு என்று பொருள்படும் ‘ஜைப்’ எனப் படித்தனர் 12ஆம் நூற்றாண்டின் லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள், எழுதியது ‘சைனுஸ்’. அதுவே ஆங்கிலத்தின் சைன். ஜியாமெட்ரிக்குள் இல்லாத ஜ்யா, ஒரு தவறான வாசிப்பின் வழியாக, லத்தீன் வேடத்தில் அடுத்த பாடத்திலேயே இருந்தது.

சுவாதித் திருநாள் 1829இல் ஆட்சியேற்றார். சுப்பாராவ் திவானானார். 1834இல் தலைநகரில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே வளர்ந்து பின்னாளில் பல்கலைக்கழகக் கல்லூரியாயிற்று. ஜ்யாமிதி என்ற சொல்லும் அழியவில்லை. மலையாளக் கணிதப் பாடங்களில் இன்றும் அதுவே வழக்கு. களியக்காவிளைக்கு இப்பால் வந்தால் அது வடிவியல். யாழ்ப்பாணத்துப் பழைய பாடநூல்களில் கேத்திரகணிதம்.