தேவதாசியர்: பயிற்சியும் வாழ்க்கையும்

தேவதாசியர் என்போர் கோவிலுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, இறைவன் திருமுன் ஆடலும் பாடலும் நிகழ்த்திய பெண்கள் ஆவர். தமிழகத்தில் தேவரடியார், தளிச்சேரிப் பெண்டுகள் ஆகிய பெயர்களும் வழங்கின. ஜப்பானின் கெய்ஷாக்களைப் போல இவர்களும் இளம் வயது முதல் நீண்ட பயிற்சி பெற்ற கலைஞர்கள். கெய்ஷாக்களைப் போலவே இவர்களும் பாலியல் தொழிலோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்டனர்.

தொடக்கம்

முதலாம் இராசராசன் பல ஊர்க் கோவில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை அழைத்துவந்து தஞ்சையில் குடியமர்த்தியதைப் பெரிய கோவில் கல்வெட்டு கூறுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கப்பட்டன. அவர்களின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

பயிற்சி

பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பயிற்சி தொடங்கும். நட்டுவனார் தட்டுக்கழியால் தாளம் தட்ட, சிறுமி அடவுகளைப் பயில்வாள். இசை, அபிநயம், தமிழ், தெலுங்கு ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. பெண்கள் பெரிதும் எழுத்தறியாதிருந்த காலத்தில் இவர்கள் பதங்களின் பொருளறிந்து ஆடினர். பயிற்சி முடிந்ததும் அரங்கேற்றம் நடைபெறும்.

இம்மரபுக் குடும்பத்தில் 1918-இல் பிறந்த பாலசரஸ்வதி, கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். அவருடைய பாட்டி வீணை தனம்மாள்.

குடும்ப வாழ்க்கை

'பொட்டுக்கட்டு' என்னும் சடங்கில் சிறுமிக்கு இறைவன் பெயரால் தாலி கட்டப்பட்டது. இறைவனுக்கு மனைவியானதால் அவளுக்குக் கைம்மை இல்லை. அவள் 'நித்திய சுமங்கலி'. பெண்ணே குடும்பத்தின் தலைவி. மகள்கள் சொத்துரிமை பெற்றனர். பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும் வழக்கம் இடம் தந்தது. ஆனால் அவள் வேறொருவரை மணக்க முடியாது. செல்வர் ஒருவரின் ஆதரவில் வாழ்வதே பலருக்கும் நேர்ந்தது. பொட்டுக்கட்டும்போது சிறுமியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

சட்டமும் விளைவும்

இதை எதிர்த்தவர்களுள் அம்மரபை உள்ளிருந்து அறிந்தவர்கள் முன் நின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாய் அம்மரபைச் சேர்ந்தவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அச்சூழலில் வளர்ந்தவர். முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது.

இதற்கிடையே 'சதிர்' என்றிருந்த ஆட்டம் 'பரதநாட்டியம்' எனப் பெயர் மாறி, 1930-களில் பிற சமூகத்துப் பெண்களிடமும் பரவியது. அவர்களுக்குக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் பழைய நட்டுவனார்களே. ஆடிவந்த குடும்பங்களோ பழிச்சொல்லுக்கு அஞ்சித் தம் மகள்களுக்குச் சலங்கை கட்டுவதை நிறுத்தின.

கெய்ஷாக்களுடன் ஒப்பீடு

ஜப்பானிலும் முற்காலத்தில் வறிய குடும்பங்கள் சிறுமிகளைக் கடனுக்கு ஈடாகக் கெய்ஷா இல்லங்களில் விட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த சட்டங்களால் அம்முறை ஒழிந்தது. இன்று கியோட்டோவில், கட்டாயக் கல்வியை முடித்த பெண்கள் 15 வயதளவில் தாமே விரும்பி 'மைக்கோ' என்னும் பயிற்சிநிலையில் சேர்ந்து, ஷாமிசென் இசையும் நடனமும் பயில்கின்றனர். அங்குக் கட்டாயம் நீங்கியது. தொழிலும் பெயரும் நிலைத்தன. இங்கும் கட்டாயம் நீங்கியது, கலையும் நிலைத்தது. ஆனால் அதைக் காத்துவந்த பெண்களின் பெயர்கள் பெரிதும் மறைந்தன.

விதிவிலக்காக நின்றவர் பாலசரஸ்வதி. 1961-இல் டோக்கியோவில் ஆடிய அவர், 1973-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார், 1984-இல் மறைந்தார்.