களுதாவளைத் துரவும் வாப்பாட சைக்கிளும்

போன சனிக்கிழமை களுவாஞ்சிகுடியில் ஒரு வேலை முடிந்து திரும்பும்போது களுதாவளையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். மாரி மழை விட்டு இரண்டு கிழமை. ஒழுங்கைகளில் நின்ற தண்ணீர் வற்றி மணல் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ரோட்டோர வளவொன்றில் கத்தரி நாற்று நட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தென்னோலைத் துண்டைச் சாய்த்துக் குத்தி நிழல் கொடுத்திருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இரண்டு கையிலும் பூவாளியோடு வரிசைக்கு வரிசை நடந்துகொண்டிருந்தார். வேலிக்கு வெளியே நின்ற என்னைக் கண்டு "ஆர் மகன்?" என்றார். வாப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"காக்காட மகனா? ஏன் வெளிய நிக்கிறீங்க, உள்ள வாங்க."

அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் போனது தெரியவில்லை. பதிவு நீளமாகத்தான் வரும். பொறுமை இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

நான் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவன். எங்கட பாடப்புத்தகத்தில் குளம் இருக்கிறது, அணைக்கட்டு இருக்கிறது, மழைநீரைச் சும்மா கடலுக்குப் போகவிடாத பராக்கிரமபாகு மன்னன் இருக்கிறார். துரவு இல்லை. "தோட்டம் துரவு" என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். தோட்டம் தெரியும், துரவு என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பில் கேட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் இரண்டு பேர்தான் கை தூக்கினார்கள். அதில் ஒருவர் சொன்னது பிழை.

துரவு என்பது மணலில் அகலமாகத் தோண்டிய ஆழமில்லாத பள்ளம். கல் கட்டு இல்லை, சீமெந்து வளையம் இல்லை. பக்கம் சரிவாக இருக்கும். பூவாளியோடு நடந்தே இறங்கலாம், இரண்டையும் அமுக்கி நிரப்பிக்கொண்டு நடந்தே ஏறலாம். கயிறும் வேண்டாம், கப்பியும் வேண்டாம். பெரியவரின் வளவில் இன்னும் ஒன்று இருக்கிறது. தண்ணீர் என் முழங்கால் அளவில்தான் நின்றது. கையால் அள்ளிக் குடித்தும் பார்த்தேன். உப்பே இல்லை.

அதில்தான் அதிசயம். கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் வாவி. நடுவில் கிடக்கும் மணல் திட்டு எழுவான்கரை. கடலும் உப்பு, வாவியும் வருசத்தில் பல மாதம் உப்புக் கலந்தது. நடுவில் இந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வானத்திலிருந்துதான். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றோடு கொட்டுகிற மழை மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் உப்புநீரை விட இலேசானது. அதனால் கீழே உள்ள உப்புநீரின் மேல் அது மிதந்து நிற்கும். 1880களின் இறுதியில் ஒல்லாந்தரான படோன் கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மறுவளமாகவும் பாருங்கள். மேலே அரை மீற்றர் குறைந்தால், கீழே உப்பு 20 மீற்றர் ஏறி வரப் பார்க்கும். நேரே அந்தக் கணக்குப்படியே எல்லா இடத்திலும் நடக்காது, மண்ணைப் பொறுத்து மாறும். ஆனால் போக்கு அதுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த நன்னீர் சும்மா கிடப்பதில்லை. மெல்ல மெல்லக் கடலுக்கும் வாவிக்கும் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கசிவுதான் உப்பை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. பராக்கிரமபாகுவின் பாடம் இங்கே தலைகீழ். களுதாவளையில் கடலுக்குப் போகிற தண்ணீர்தான் தோட்டத்தைக் காவல் காக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் பரீட்சைக்கு வருமா சேர் என்று கேட்பார்கள். வராது.

தை, மாசியில் ஏன் நடுகிறார்கள் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. மார்கழியில் மணல் தண்ணீரில் ஊறிக் கிடக்கும், நட்டால் வேர் அழுகும். பங்குனி தாண்டினால் வெயில் ஏறும், பிறகு கச்சான் காற்று எல்லாவற்றையும் காய்ச்சி எடுக்கும். இடையில் இந்த இரண்டு மாதம் தண்ணீர் மேலே நிற்கும், வெயிலும் கொல்லாது. மழை விடுகிற நேரம் பார்த்து மேடையில் கத்தரி விதை போட்டு, நாலு கிழமையில் நாற்றுப் பிடுங்கி நட்டால், சித்திரை வருசத்துக்குக் காய் சந்தைக்கு வந்துவிடும். இங்கிலீஷ் புத்தகத்தில் இளவேனில் காலத்தில் தோட்டம் போடு என்று இருக்கும். எங்கட இளவேனில் தைப்பொங்கலோடு வருகிறது.

இனி உழைப்பு. பெரியவரின் தோட்டம் கால் ஏக்கர், அதாவது ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். ஒரு நாளைக்கு 4 மில்லிமீற்றர் தண்ணீர் ஊற்றுவதாக வைத்தால் 4,000 லீற்றர். ஒரு பூவாளி 10 லீற்றர், இரண்டு கைக்கும் 20. அப்படியானால் 200 நடை. காலையில் நூறு, பின்னேரம் நூறு. நாலு தொன் தண்ணீரை ஒரு மனிதன் கையில் தூக்கி நடந்திருக்கிறான், ஒவ்வொரு நாளும். இந்தக் கணக்கைப் பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். "தொன் எல்லாம் தெரியாது மகன். கை நீண்டு போச்சு, அது தெரியும்."

அந்த மணலில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் சும்மா கிடைக்கவில்லை. மாட்டெரு படுவான்கரைப் பட்டிகளில் இருந்து வர வேண்டும். செடிகளும் எங்கெங்கோ இருந்து வந்தவை. கத்தரியும் வெற்றிலையும் நம் பக்கத்துப் பழைய சொத்து. வெண்டி ஆபிரிக்காவில் இருந்து வந்தது. நாங்கள் மிளகாயைக் கொச்சிக்காய் என்கிறோம். அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கேயர் கையில் கொச்சித் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்த கதை அந்தப் பெயருக்குள்ளேயே கிடக்கிறது. வற்றாளங்கிழங்கு என்பது 'பட்டாட்டா'. மரவள்ளியை ஒல்லாந்தர் 1786இல் மொரீசியஸில் இருந்து கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் 1628இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். அதைப் பார்க்கப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறோம். கோட்டை இடிகிறது, கொச்சிக்காய் இடியவில்லை.

எருவுக்கும் செடிக்கும் அடுத்தது சந்தை. இங்கேதான் வாப்பா வருகிறார்.

வாப்பா இளந்தாரியாக இருந்த காலம், சுபஹு தொழுத கையோடு காத்தான்குடியில் இருந்து சைக்கிள் மிதிப்பார். ஏறத்தாழ 20 கிலோமீற்றர். களுதாவளையில் வளவு வளவாக ஏறி இறங்கி, கத்தரியும் பயற்றங்காயும் கொச்சிக்காயும் வாங்கி, பின் கரியரில் சாக்கும் ஹாண்டிலில் பையுமாகக் கட்டிக்கொண்டு வெயில் ஏற முந்தி எங்கட சந்தைக்கு வந்துவிடுவார். காசு பெரும்பாலும் அன்றைக்கே கொடுப்பதில்லை. வித்துவிட்டு அடுத்த நாள். எழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. வெற்றிலையும் அப்படித்தான் வந்தது. எங்கட கலியாண வீடுகளில் மடித்த வெற்றிலையில் எத்தனை களுதாவளைக் கொடி என்று யாரும் எண்ணவில்லை.

எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியபோது விலை ஏறித் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, விலை விழுந்தது. அடுத்த வருசம், 1978 நவம்பர் 23இல் சூறாவளி. மட்டக்களப்பில் தென்னைகள் ஆயிரக்கணக்கில் சரிந்தன. பெரியவர் சொன்னார்: "எங்கட வளவு முழுக்கத் தென்னை நின்டது. விழுந்து போன இடத்துல வெயில் பட்டிச்சி. அப்பா அதுலதான் கத்தரி வெச்சவர்."

பிறகு 1990.

இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அதை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த ஜூலையில் குருக்கள்மடத்தில், களுதாவளைக்குச் சில ஊர் வடக்கே, இதே ரோட்டில் வந்த முஸ்லிம் பயணிகள் புலிகளால் பிடித்துக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3இல் எங்கட ஊரில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அதே ஓகஸ்டில் வீரமுனையிலும், செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் தமிழ்ச் சனம் பிள்ளைகளோடு கொல்லப்பட்டது. எனக்கு அப்போது இரண்டு வயது. எல்லாம் கேட்டு அறிந்ததுதான்.

வாப்பா அதற்குப் பிறகு அந்த ரோட்டால் போகவில்லை. சைக்கிள் வீட்டுக் கோடிக்குள் துருப்பிடித்து நின்றது நினைவிருக்கிறது. சந்தைக்கு மரக்கறி வராமல் இல்லை, வேறு வழியால், வேறு கை மாறி, விலை ஏறி வந்தது. அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சனிக்கிழமைதான் கேட்டேன்.

"காய் பழுத்து மஞ்சளாகிக் கொடியிலயே கிடந்திச்சி மகன். மாட்டுக்குப் போட்டம். காக்காவுக்கு நான் குடுக்க வேண்டியது இல்ல, காக்காதான் எனக்குத் தரணும், முந்தின நாள் கத்தரிக் காசு. அத நினைச்சி இல்ல. ஆள் இருக்காரா இல்லையா எண்டுதான்."

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அடுத்த தை மாதம் வாப்பா முதல் தடவையாகக் களுதாவளைக்குப் போனார், பஸ்ஸில். திரும்பி வரும்போது ஒரு பை கத்தரிக்காய். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது உம்மா அதைக் குசினி வாசலில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருசத்துக் கத்தரிக் காசைக் கொடுக்கப் போனவர் எப்படிப் பை நிறையக் காயோடு வந்தார் என்பது வீட்டில் பெரிய பகிடி. காசை அவர் வாங்கவே இல்லையாம்.

அது நீடிக்கவில்லை. 2004 டிசம்பர் 26. கடல் கிணறுகளுக்குள் வந்தது. உப்பான கிணற்றை மெசின் வைத்து இறைத்துக் கழுவினால் சரி என்று எல்லோரும் இறைத்தார்கள், நாங்களும்தான். கூடுதலாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும் என்பது பிறகுதான் விளங்கியது. கடைசியில் கழுவியது மாரி மழை. கடல் ஏறிய இடங்களில் ஒரு மாரி போதவில்லை.

இப்போதைய கதை சுருக்கமாக. 2021 மேயில் இரசாயன உரம் தடை, நவம்பரில் தடை நீக்கம், பிறகு கிடைத்த யூரியாவின் விலை எல்லோருக்கும் தெரியும். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின்கள் ஓய்ந்தன. அந்த ஜூனில் வீட்டுத்தோட்டம் போடுவதற்காக அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு என்று அமைச்சரவை தீர்மானித்தது. நானும் வீட்டில் பாத்தி வெட்டினேன். பத்துக் கொச்சிக்காய்க் கன்று, அதில் எட்டைக் கோழி கிளறியது. பெரியவர் மெசினை மூடி வைத்துவிட்டுப் பரணில் இருந்த பூவாளிகளை எடுத்தார். துரவு தூர்ந்திருக்கவில்லை, அதனால் அந்தப் போகம் தப்பியது. பக்கத்து வளவுகளில் துரவை மூடி வீடு கட்டியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குக் காணி பிரிக்கும்போது பள்ளத்தை யார் கேட்பார்கள்?

மண்ணெண்ணெய் திரும்பி வந்ததும் மெசினும் வந்தது. அவருக்கு மெசின் வேண்டாம் என்று இல்லை. "இந்த வயசில இருநூறு நடை நடக்க ஏலுமா?" என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் பூவாளி எடுத்ததற்கும் மெசின் எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பூவாளிக்காரன் களைத்தால் நிறுத்துவான். மெசின் களைக்காது. கச்சான் காலத்திலும் ஒரே இடத்தில் நின்று இழுத்துக்கொண்டே இருக்கும், உப்பு அடியில் இருந்து மேலே வரும் வரை.

யூரியாவும் அப்படி. மணல் உரத்தைப் பிடித்து வைத்திருக்காது. செடி எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு இறங்கி, நைத்திரேற்றாக அதே நன்னீரில் சேரும். இதே மாதிரி மணல் மண்ணான கற்பிட்டியில் தோட்டக் கிணறுகளைச் சோதித்தபோது, உலக சுகாதார அமைப்பு சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை மீறிய கிணறுகள் இருந்தன. கைக்குழந்தைகளுக்கு அது கூடாது. பால்மா கரைப்பது அந்தத் தண்ணீரில் என்றால் இன்னும் கூடாது. களுதாவளையிலும் எங்கட ஊரிலும் தோட்டத்துக் கிணறும் குடிக்கிற கிணறும் ஒரே மணலில்தான் இருக்கின்றன. வேலி மேலேதான், கீழே வேலி இல்லை.

புறப்படும்போது வழக்கம்போல ஒரு பை தந்தார். காசு கொடுக்கப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டார். "காக்காட பழைய கணக்கு ஒண்டு கிடக்கு, அதோட சேர்த்து எழுதி வைங்க." வாப்பா பையைப் பிரித்து ஒரு காயை எடுத்துக் காம்பை நகத்தால் கீறிப் பார்த்தார். "துரவுத் தண்ணிக் காய்" என்றார். அது எப்படித் தெரியும் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோள். எழுவான்கரையில் ஆரையம்பதி முதல் மருதமுனை வரை எந்த ஊர் வளவிலாவது துரவு மிச்சம் இருந்தால், அல்லது மூடிய துரவு எந்த இடத்தில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால், ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வரைபடம் கீறப் போகிறேன். மாசி முடிய முதல் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் கீழே போய்விடும்.